சோறு வந்த பையில் போன பால்

சாயங்கால வெயில் ஜன்னல் கம்பி வழியாகக் கட்டிலில் விழுந்திருந்தது. என் மகள் மதி பால் குடித்துவிட்டு, வாயோரம் ஒரு சொட்டு வழிய, மடியில் அரைத்தூக்கத்தில் கிடந்தாள். துடைத்துவிடலாம் என்று முந்தானையை எடுத்தபோது அவள் வலது கன்னத்தில் என்னவோ மினுங்கியது.

தொட்டேன். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. கடுகில் பாதி இருக்கும். நல்ல வெள்ளி நிறம்.



சிவகாசிப் பக்கம் வாக்கப்பட்டவளுக்கு வெள்ளி நிறத்தில் எது மினுங்கினாலும் முதலில் ஒன்றுதான் ஞாபகத்துக்கு வரும். மத்தாப்புக்கும் வெடிக்கும் போடுகிற அலுமினியப் பவுடர். மதிக்கு அப்போது மூன்று மாதம் முடிந்து ஒரு வாரம். நான் மறுபடி எங்கள் பட்டாசுக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்து நாலாவது நாள். பிறகு அது வேறு எங்கிருந்து வந்திருக்கும்? என் மேலிருந்துதான் என்று அந்த நிமிஷமே தீர்ப்பு எழுதிவிட்டேன். எனக்கு எதிலும் அவசரம். பொறந்ததே எட்டாம் மாசத்தில் என்று என் கணவர் கேலி செய்வார்.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் கல்யாணப் பந்தல் மழையில் சாய்ந்த கதையை எழுதியதில் அந்த மனுஷனுக்குக் கோபம். பந்தல்காரரைப் பிடித்துவந்தது அவர்தான். இந்த வாரம் அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவருடைய முறை கொஞ்சம் தள்ளித்தான் வரும். முதலில் நான் செய்த கூத்தைச் சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக் கை

நான் பிறந்தது ஏழாயிரம்பண்ணை. அப்பாவுக்கு மானாவாரிக் காடு, பருத்தியும் மக்காச்சோளமும். சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஊருக்குள் வந்து நிற்கும். இறங்குகிற பெண்களில் சிலருக்கு முழங்கை வரை வெள்ளியாக இருக்கும். காது மடலில், புருவத்தில்கூட மினுங்கும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கு அது கொள்ளை அழகாகத் தெரியும்.

என் அம்மாவுக்கு அப்படித் தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பசு நின்றது. ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டு அக்கா வேலையிலிருந்து வந்த கையோடு பால் கறந்து கொடுத்துவிட்டுப் போனார். அடுப்பில் வைத்ததும் பால் திரிந்துவிட்டது.

“வெள்ளிக் கை பட்டுச்சுல்லா, பால் எப்படி நிக்கும்?” என்றாள் அம்மா. செம்பு சரியாகக் கழுவாமல் கிடந்தது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் கழுவாமல் போட்டவள் நான்தான். அடி விழும் என்று வாயைத் திறக்கவில்லை. உதவ வந்த அக்கா மேல் பழி போனது. இந்த எழுத்து அவர் கண்ணில் பட்டால் மன்னிக்கட்டும்.

பொய் என்று எனக்கே தெரிந்த அந்த வார்த்தை, இருபது வருஷம் கழித்து என் மடியில் பிள்ளை கிடந்தபோது வந்து நின்றது. வெள்ளி பட்டால் பால் கெடும். என்ன மண்டையோ இது!

நானே போட்ட சட்டம்

என் கணவர் வீட்டுக்கு வெம்பக்கோட்டை ரோட்டில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி. அதில் நான் லோடு அனுப்புகிற ஆபீஸ் வேலை பார்த்தேன். எந்த ஊருக்கு எந்த ஆர்டர், எந்த லாரியில் எத்தனை பெட்டி என்று பார்த்து அனுப்ப வேண்டும். ஆபீஸ் வாசல் கேட்டை ஒட்டி இருந்தது. வெடிமருந்து கலக்கிற ரூம்கள் எங்கோ கடைசியில், வேலியோரம். அந்தப் பக்கம் எனக்கு வேலையே கிடையாது.

பிள்ளை பிறந்ததும் வேலையிலிருந்து நின்றிருந்தேன். தீபாவளி சீசன் தொடங்குகிற நேரம் பார்த்து, என் இடத்தில் இருந்தவர் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் வருகிறேன் என்றேன். வீட்டில் மூன்று நாள் போர்.

“பச்சப்புள்ளயப் போட்டுட்டு அப்படியென்ன கம்பெனி வேண்டிக் கெடக்கு?” என்றார் அத்தை, என் மாமியார். வேடிக்கை என்னவென்றால், பட்டாசுக் குடும்பத்து மருமகளாக முப்பது வருஷம் இருந்தும் அத்தை கம்பெனி வாசலை மிதித்ததே கிடையாது. வெடிச்சத்தம் ஆகாது. தீபாவளியன்று காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சாமி ரூமுக்குள் உட்கார்ந்துவிடுவார்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். “போயிட்டு வா. ஆனா புள்ளைக்கு ஒரு கொறையும் வரக்கூடாது. வந்துச்சுன்னா அன்னைக்கே நின்னுக்கிடணும். சரியா தாயி?”

சரி என்றேன். அந்தச் சரிதான் என் வாயைக் கட்டிப்போட்டது.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு சட்டம் உண்டு. கம்பெனியிலிருந்து வருகிறவர்கள் புறவாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். செருப்பு வெளியே, உடுப்பு தனி வாளியில், குளித்து வேறு துணி மாற்றிய பிறகே பிள்ளையைத் தொடலாம். நல்ல சட்டம். இன்றைக்கும் நாங்கள் மாற்றவில்லை.

கன்னத்தில் வெள்ளியைப் பார்த்த மறுநாளிலிருந்து நான் அதற்கு மேல் இரண்டு சட்டம் போட்டேன். ஒன்று, சிவப்புச் சோப்பால் மார்பை மூன்று தடவை தேய்த்துக் கழுவுவது. இரண்டாவது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மேலே ஒட்டியதைச் சோப்பு போக்கும், மூச்சோடு உள்ளே போனது பாலில் அல்லவா இறங்கியிருக்கும்? கம்பெனியில் இருக்கிற நேரத்தில் ஊறுகிற பால் கம்பெனிப் பால். அது என் பிள்ளைக்கு வேண்டாம்.

அதனால் மத்தியானம் ஆபீஸுக்குப் பின்னால் போய், பாலைப் பீய்ச்சித் தொட்டியில் விட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவேன். சாயங்காலம் வீட்டில் குளிக்கும்போது மறுபடியும். வெள்ளையாக ஓடி மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒவ்வொரு தடவையும் அழுகை வந்தது. ஆனாலும் பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொட்டிவிட்டு வந்து பிள்ளையை மடியில் போட்டால் அவளுக்கு என்ன கிடைக்கும்? இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு முகம் சிவக்கக் கத்துவாள். சோப்பு தேய்த்துத் தேய்த்து எனக்குக் காம்பெல்லாம் வெடித்துப் போயிருந்தது. அவள் வாய் வைத்தால் உயிர் போகும். வலி பொறுக்காமல் பாதியிலேயே எடுத்துவிடுவேன்.

நகராத முள்

நாலு மாதம் முடிந்ததும் குழந்தை டாக்டரிடம் எடை பார்த்தோம். முள் போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றது. டாக்டர் கீழே இறக்கி, மறுபடி ஏற்றி நிறுத்தினார். முள்ளுக்கு மனசு மாறவில்லை.

“தாய்ப்பால் குடுக்கீங்களா?”

“குடுக்கேன் டாக்டர்.”

“வேற?”

“நான் இல்லாத நேரத்துல மட்டும் டப்பாப் பால்.”

இரண்டும் உண்மைதான். கொட்டுகிறாயா என்று அவர் கேட்கவில்லை, எந்த டாக்டர் கேட்பார்? நானும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்பார். ஏன் என்றால் வெள்ளி. வெள்ளி என்றால் அத்தையின் நிபந்தனை. அவரோ பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

“அடுத்த மாசமும் இப்படியே இருந்தா மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். அங்க எல்லா டெஸ்ட்டும் பாத்துரலாம்” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேப்பை மாவைக் கரைத்து அடுப்பில் வைத்தார். “ஒம் பால் பத்தல தாயி. வயித்துக்குத் திடமா ஏதாச்சும் போகட்டும்.” ஆறிய கூழை விரல் நுனியில் எடுத்து மதியின் வாயில் வைத்தார். அவள் நாக்கால் தள்ளித் தாடையில் விட்டாள். மறுபடி வைத்தார். மறுபடி தள்ளினாள். ஐந்தாறு தடவை ஆனதும் அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதியின் தொடையைப் பிடித்துப் பார்த்தேன். மடிப்பு விழ வேண்டிய இடத்தில் தோல்தான் இருந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று அன்றைக்கு முதல்தடவையாக நினைத்தேன். ஆனால் சீசன் பாதியில் நிற்கிறது, கோடவுனில் பெட்டி கூரையைத் தொடுகிறது. அதைவிட, நின்றால் ஏன் என்று கேட்பார்களே. பயம் ஒரு பக்கம், வீம்பு ஒரு பக்கம்.

அத்தையின் மூக்கு

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அத்தை மதியைத் தொட்டிலில் போட்டு ஆட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கும்போது அவர் மூக்கு நுனி மினுங்கியது.

“அத்தை, நீங்க கம்பெனிக்குப் போனீகளா?”

“ஏன் தாயி, கூறு கெட்டுப் போச்சா? நான் எதுக்கு அங்கன போறேன்?”

“மூக்குல வெள்ளி இருக்கு.”

துடைத்துப் பார்த்தார். விரலில் கடுகில் பாதி. புருவத்தில் இன்னொன்று. நான் வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

தொட்டிலுக்கு நேர் மேலே, நூலில், ஒரு ஜிகினா உருண்டை தொங்கிக்கொண்டிருந்தது. தேங்காய் அளவு. ஃபேன் காற்றில் மெதுவாகச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துணுக்கு உதிர்ந்து கீழே வந்தது. விரிப்பில் நாலைந்து கிடந்தன. மதி அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு காலை உதைத்தாள்.

அதை வாங்கியதே நான்தான். வயிற்றுப் பிள்ளையோடு கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாக் கடைகளைச் சுற்றியபோது வாங்கி, முன்கூட்டி வாங்கக் கூடாது என்பார்கள் என்று பீரோவுக்குள் ஒளித்துவைத்திருந்தேன். கட்டியதும் நான்தான். எப்போது தெரியுமா? கம்பெனிக்குக் கிளம்புகிற அன்று காலையில். நான் இல்லாத நேரத்தில் பிள்ளை இதைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டுமே என்று.

அலுமினியப் பவுடர் மாவு போல இருக்கும், தேய்த்தால் கறையாகப் பரவும். இது தகட்டுத் துணுக்கு. கம்பெனிக்காரர் வீட்டு மருமகளுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டாமா? பயத்தில் கண்ணும் அவிந்துபோகும் போலிருக்கிறது. ஸ்டூலைப் போட்டு ஏறி உருண்டையை அறுத்து எறிந்தேன். இறங்கும்போது சிரிப்பு வந்தது. சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை.

இரண்டு குற்றவாளிகள்

அத்தை பதறிப்போனார். “என்னா தாயி, என்னா? கீழ விளுந்துட்டியா?”

எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளி, சோப்பு, தொட்டி, தண்ணீர்.

“எம்புட்டு நாளா கொட்டுத?”

“அஞ்சு வாரமா.”

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார். தீர்ப்புக்குக் காத்திருந்தேன். நின்றுகொள் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன். அவர் தன் விரலில் ஒட்டியிருந்த ஜிகினாவை முந்தானையில் துடைத்தார்.

“நானும் ஒண்ணு சொல்லணும்” என்றார். “பால்மாவு டப்பாவுல எழுதிருக்கிற கணக்குக்கு மூணு கரண்டி போடணும். நான் ஒண்ணுதான் போடுவேன். கெட்டியா இருந்தா வயித்த அடைச்சிரும்னு பயம். யார்ட்டயும் சொல்லல.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அம்மா பாலைக் கொட்டுகிறாள், ஆச்சி தண்ணீரை ஊட்டுகிறாள். பாவம், அந்தப் பிள்ளைக்கு எடை ஏற எங்கே வழி இருந்தது?

புதன்கிழமை தடுப்பூசி நாள். வார்டு அங்கன்வாடிக்கு வருகிற நர்சம்மாவிடம் இரண்டு பேரும் போய் நின்றோம். மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். திட்டுவார் என்று பயந்தேன். கேட்டு முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

“பால் வத்தலியே, அதுக்குச் சந்தோசப்படு. ஊறத்தான் செஞ்சிருக்கு, நீதான் சாக்கடைக்கு ஊட்டிட்ட” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். “குளிக்கது, துணி மாத்துறது, கை கழுவுறது எல்லாம் சரி, விட்டுறாத. மாருக்குச் சோப்பு வேண்டாம், பச்சத் தண்ணி போதும். நாலு மணி நேரம் மாருல இருந்தா பால் கெடாது. நீ மருந்து ரூம்ல வேல பாத்தா நான் டாக்டரக் கேக்காம பதில் சொல்ல மாட்டேன். நீ பேனா பிடிக்கவ. ஒனக்கு என்ன?”

என்னைப் பிள்ளைக்குப் பால் கொடுக்கச் சொல்லிப் பார்த்து, வாய் முழுதாகப் பிடிக்கிற மாதிரி திருப்பிக் காட்டினார். மத்தியானப் பாலைச் சுத்தமான மூடி போட்ட டப்பாவில் எடுத்து, ஐஸில் வைத்து வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். அடுப்பில் வைக்கக் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்துக் குளிர் போக்கிப் சங்கு மாதிரியான பாலாடைக் கிண்ணத்தில் கொடுக்க வேண்டும். டப்பாப் பால் கலக்கினால் எழுதியிருக்கிற கணக்குப்படியே கரண்டி போட வேண்டும்.

அத்தை மெதுவாகக் கேட்டார். “கேப்பை?”

“நாக்கால வெளிய தள்ளுனாள்லா? இப்ப வேண்டாம்னு அவளே சொல்லிட்டா. ஆறு மாசம் முடியட்டும்.”

வாசலில் சோதனை

இப்போது என் கணவர் முறை. அவர் காலையில் ஊருக்குள் லேபிள் அச்சடிக்கிற பிரஸ் வேலையைப் பார்த்துவிட்டு, மத்தியானம் எனக்குச் சோற்றுப் பையோடு கம்பெனிக்கு வருவார். அந்தப் பையில் அத்தை அகன்ற வாய் பிளாஸ்க் ஒன்றில் ஐஸ்கட்டி போட்டு அனுப்பினார். சோறு இறங்கியதும் அதே பையில் பால் டப்பா ஏறும். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு மறுபடி வர வேண்டும். சீசன் வெயிலில், லாரிகளுக்கு நடுவே, தினம் ஒரு மணி நேரம் அதிகம். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. எழுதிவிட்டேன், போதுமா?

ஆனால் முதல்நாள் கேட்டில் மாட்டிக்கொண்டார். வாட்ச்மேன் சுப்பையா அண்ணாச்சிக்கு மொதலாளி, தொழிலாளி என்ற பேதமெல்லாம் கிடையாது. உள்ளே போகிற பையில் தீப்பெட்டி, போன் இருக்கிறதா என்று பார்ப்பார். வெளியே போகிற பையில் சரக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்.

“இது என்னது தம்பி?” பிளாஸ்க்கைத் திறந்துவிட்டார்.

என் கணவர் வானத்தைப் பார்த்தார். பால் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. சுற்றிலும் லோடுமேன்கள்.

எனக்குத்தான் பொறுமை கிடையாதே. ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கத்தினேன். “பால் அண்ணாச்சி! எம் மகளுக்கு! ஐஸ் கரையுது, விடுங்க!”

பெட்டி தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். அண்ணாச்சி மூடியை இரண்டு கையாலும் திருகி மூடி, பையை வண்டியில் தானே மாட்டிவிட்டார்.

மறுநாளிலிருந்து சோதனை கிடையாது. வண்டிச் சத்தம் கேட்டதுமே எழுந்து கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே வருகிற லாரியைப் பார்த்துச் சத்தம் போடுவார். “ஏலே, லாரியப் பின்னால எடு. புள்ளைக்குப் பால் போவுது!”

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் மறுபடி எடை. அத்தை என் கையைப் பிடித்திருந்தார், நகம் பதிந்தது. முள் போன தடவை நின்ற கோட்டைத் தாண்டிப் போய், அதற்கு மேலும் போய், ஆடி நின்றது. டாக்டர் கார்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தார். “மதுரையெல்லாம் வேண்டாம். இப்படியே குடுங்க.”

அத்தை அங்கேயே அழுதார். நானும்தான். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் ஒரு சாத்தூர் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து, கடைசித் துணுக்கு வரை தின்று தீர்த்தோம். எத்தனையோ வாரம் கழித்து அன்றைக்குத்தான் நாக்கில் ருசி தெரிந்தது.

அண்ணாச்சி கேட்டது

ஆறு மாதம் முடிந்ததும் அத்தை அதே கிண்ணத்தில் கேப்பைக் கூழ் காய்ச்சினார். பயந்து பயந்து வாயில் வைத்தார். மதி முகத்தைக் கோணினாள், யோசித்தாள், விழுங்கினாள். பிறகு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். அப்புறம் பருப்பு, மசித்த காய், வாழைப்பழம் என்று ஒவ்வொன்றாக ஏறியது. காலையிலும் சாயங்காலமும் ராத்திரியும் என்னிடம் குடித்தாள். இரண்டு வயசு தாண்டியும் அதை விடவில்லை.

தீபாவளிக்கு மூடிய கம்பெனியை மறுபடி திறந்து, தை பிறந்து, ஒருநாள் மத்தியானம். நான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலில் நிழல் தட்டியது. சுப்பையா அண்ணாச்சி. அவர் முகம் சரியில்லை. பின்னால் கேட் திறந்தே கிடந்தது, ஒரு லாரி வெளியே உறுமிக்கொண்டு நின்றது.

“தாயி, இன்னும் பால் போகலியே. நேரமாச்சுல்லா.” குரலை இறக்கினார். “புள்ளைக்கு மேலுக்கு ஏதும் முடியலியா?”

சோற்றுக் கையோடு எழுந்தேன். “நல்லா இருக்கா அண்ணாச்சி. மத்தியானத்துக்கு இனிமே பால் வேண்டாம். பருப்புச் சோறு திங்கா. இன்னைக்கு அஞ்சு வாய் தின்னுட்டு, அடுத்த வாய்க்கு அத்தை விரலையே கடிச்சுட்டாளாம்.”

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு கேட்டைப் பார்த்துத் திரும்பி, கம்பெனி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

“ஏலே, லாரிய உள்ள விடு! நம்ம புள்ள சோறு திங்குதாம்!”